வெள்ளைப் பொடி, கறுப்புப் பொடி: ராமன் கருவிக்குள் கனிமம் போகும் முன்

பொருளின் மேல் லேசரைப் பாய்ச்சி, நிறம் மாறித் திரும்பும் சிறு பகுதி ஒளியைக் கோடுகளாகக் காட்டி, கோடுகள் நிற்கும் இடத்தை வைத்து அது என்ன கனிமம் என்று சொல்ல உதவுவது ராமன் நிறமாலைக் கருவி. அதை விற்பவர்கள் தவறாமல் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு: மாதிரியைத் தயாரிக்கவே வேண்டாம், கல்லை அப்படியே லென்ஸுக்குக் கீழே வைத்தால் போதும். கையில் பிடிக்கிற அளவு படிகம், மோதிரத்தில் பதித்த கல், மெருகேற்றிய பாறைத் துண்டு என்றால் இது பெரும்பாலும் சரி. பொடி என்றால் பாதிதான் சரி. பொடியை அரைப்பதிலும் ஏற்றுவதிலும் கவனம் தவறினால், நிறமாலை மோசமாக வருவதோடு விஷயம் முடிவதில்லை. கூர்மையான, அழகான கோடுகளோடு, மாதிரியில் இல்லவே இல்லாத ஒரு கனிமத்தின் நிறமாலை வந்து உட்காரும். அந்தக் கனிமம் அரைக்கும்போது பிறந்திருக்கலாம், அரைக்கும் கல்வத்திலிருந்தே உதிர்ந்திருக்கலாம், லேசர் சுட்டதில் உருவாகியிருக்கலாம். திரையைப் பார்ப்பவருக்கு இந்த மூன்றும் உண்மையான மாதிரியைப் போலவேதான் தெரியும்.

1928 பிப்ரவரி 28-இல் கல்கத்தாவில் சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் கண்டறிந்த விளைவு பெரும்பாலும் திரவங்களில் பார்த்தது. ஏறத்தாழ அதே நாட்களில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க்கும் மாண்டல்ஷ்டாமும் குவார்ட்ஸ், கால்சைட் படிகங்களில் இதையே கண்டார்கள். ஆக, கனிமங்களுக்கும் ராமன் விளைவுக்கும் உறவு தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. ஆனால் பொடி அன்று தொல்லை பிடித்த பொருள். மேலே விழும் ஒளியில் பெரும்பகுதியைப் பொடி நிறம் மாறாமலே நாலாபக்கமும் சிதறடிக்கும். நிறம் மாறி வருவது தோராயமாகக் கோடியில் ஒரு ஃபோட்டான். பாதரச விளக்கை வைத்துக்கொண்டு அந்த ஒன்றைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. 1960-இல் லேசர் வந்தது. 1970களில் பிரான்சில் அதை நுண்ணோக்கியோடு இணைத்தார்கள். லேசரின் நிறத்தை மட்டும் கச்சிதமாக வெட்டி நீக்கும் ஃபில்டர்கள் அதற்கப்புறம் வந்தன. இன்று பொடியை அளப்பது சுலபம். யோசிக்காமல் அளப்பதும் சுலபமாகிவிட்டது.

முதலில் அளவுக் கணக்கைப் பார்ப்போம். 532 நானோமீட்டர் பச்சை லேசரை 100 மடங்கு லென்ஸ் வழியாகக் குவித்தால் ஒளிப்புள்ளியின் விட்டம் ஏறத்தாழ 1 மைக்ரான். கையால் அரைத்த பொடியில் 20, 50 மைக்ரான் துகள்கள் சர்வசாதாரணம். பொடியை அளப்பதாக நினைத்துக்கொண்டு நாம் அளப்பது ஒரே ஒரு துகளை, அதிலும் அதன் ஒரு மூலையை. அந்தத் துகள் எந்தப் பக்கம் திரும்பிக் கிடக்கிறது என்பதைப் பொறுத்துக் கோடுகளின் உயரம் மாறும். கோடு நிற்கும் இடம் மாறாது, ஒன்றுக்கொன்று உள்ள உயர விகிதம்தான் மாறும். கனிம நிறமாலைகளைச் சேர்த்து வைக்கும் அரிசோனா பல்கலைக்கழகத்தின் ரஃப் தரவுத்தளம் (ஆப்பிளின் முதல் தலைமை நிர்வாகி மைக்கேல் ஸ்காட் ஆதரித்து வளர்த்தது) திசை குறித்த நிறமாலைகளையும் திசை குறிக்காதவற்றையும் தனித்தனியாக வைத்திருப்பது இதற்காகத்தான். மென்பொருள் தரும் பொருத்த மதிப்பெண் குறைந்ததும் 'வேறு கனிமம்' என்று முடிவுகட்டுவது புதியவர்கள் வழக்கமாக விழும் குழி. பத்து இடத்தில் அளந்து சராசரி எடுத்தால் பல சமயம் அந்தச் சந்தேகம் தானே தீர்ந்துவிடும்.

அப்படியானால் மாவாக அரைத்துவிட்டால் என்ன? இந்த யோசனை எக்ஸ்ரே டிஃப்ராக்‌ஷன் (எக்ஸ்ரே கதிரால் படிக அமைப்பைக் கண்டறியும் முறை) செய்து பழகியவர்களிடமிருந்து வருவது. அங்கே பொடி 10 மைக்ரானுக்குக் கீழே இருந்தாக வேண்டும், துகள்கள் எல்லாத் திசையிலும் சிதறிக் கிடக்க வேண்டும். ராமனில் அதே பழக்கம் கெடுதல் செய்யும். துகள் சிறுத்தால் சமிக்ஞை தேயும், பின்னணி ஏறும், லேசரின் சூடு தங்கும். நானோமீட்டர் அளவுக்கு இறங்கிவிட்டால் கோடே நகர ஆரம்பிக்கும். அனடேஸ் என்ற டைட்டானியம் டையாக்சைடின் பிரபலமான 144 செ.மீ⁻¹ கோடு (கோடு நிற்கும் இடத்தைக் குறிக்கும் அலைஎண் இது, இனி வரும் கோட்டு எண்களும் இதே அலகில்தான்), படிகம் சில நானோமீட்டராகும்போது மேல்நோக்கி நகர்ந்து அகலமாகும். என் தேர்வு, 63 மைக்ரான் சல்லடையில் இறங்கி 20 மைக்ரான் சல்லடையில் தங்குகிற பகுதி. அதற்கு மேல் அரைப்பதற்குத் தனியாக ஒரு காரணம் வேண்டும்.

அரைக்கவே கூடாத பொடியும் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலை எடுத்துக்கொள்ளுங்கள். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து வந்த தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டதில் தொடங்கியது அதன் கதை. இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், மோனசைட், கார்னெட், சில்லிமனைட் என்று அலையே பிரித்துக் குவித்துக் கொடுத்த மணிகள் அவை. ஒவ்வொரு மணியும் பெரும்பாலும் ஒரே கனிமம். அதிலும் சிர்க்கான் சுவாரசியமானது. தனக்குள் இருக்கும் யுரேனியம், தோரியத்தின் கதிர்வீச்சு கோடிக்கணக்கான ஆண்டுகளாக அதன் படிக ஒழுங்கைக் குலைத்துக்கொண்டே வந்திருக்கிறது. நல்ல சிர்க்கானில் 1008-இல் நிற்கும் கோட்டின் அகலம் சுமார் 2 செ.மீ⁻¹தான். கடுமையாகச் சிதைந்ததில் அது 30-ஐத் தாண்டும், கோடும் கீழே இறங்கும். மணிக்கு மணி இந்தச் சேதம் வேறுபடும். அரைத்துக் கலந்துவிட்டால் இந்த வேறுபாடு முழுவதும் போய்விடும். இப்படிப்பட்ட மணலை உப்பு நீங்கக் கழுவி, உலர்த்தி, உலோகத் தட்டில் ஒற்றை அடுக்காகத் தூவி, மணி மணியாக அளப்பதுதான் முறை.

அரைத்தே ஆக வேண்டும் என்றால் பெரும்பாலான ஆய்வகங்களில் இருப்பது அகேட் கல்வம். நல்ல கருவிதான், ஆனால் அகேட்டே ஒரு கனிமம்: நுண்ணிய குவார்ட்ஸ், கூடவே மோகனைட் என்ற இன்னொரு சிலிக்கா கனிமம் கொஞ்சம். குவார்ட்ஸின் 464, அதற்குப் பக்கத்தில் மோகனைட்டின் 501, இரண்டும் சேர்ந்து பொடியில் தென்பட்டால் கல்வத்தைச் சந்தேகிக்கலாம். சிர்க்கான், கார்னெட், குருந்தம் மாதிரி அகேட்டுக்குச் சமமான அல்லது அதைவிடக் கடினமான பொருளை அரைத்தால் கல்வம்தான் தேயும். அதற்கு போரான் கார்பைடு கல்வம் இருக்கிறது. விலைதான் இடிக்கும். கல்வத்தைச் சுத்தம் செய்யச் சுத்தமான குவார்ட்ஸ் மணலை அரைத்துக் கொட்டுவது பழைய வழக்கம். அடுத்த மாதிரியில் தேடுவது குவார்ட்ஸையே என்றால் அந்த வழக்கத்தைக் கைவிட வேண்டும்.

அரைப்பதே கனிமத்தை மாற்றும் என்பது இதைவிடப் பெரிய சிக்கல். கால்சைட்டை மணிக்கணக்கில் ஆலையில் அரைத்தால் ஒரு பகுதி அரகோனைட் ஆகும். இது 1950களிலிருந்தே தெரிந்த விஷயம். இரண்டுக்கும் வேதியியல் ஒன்று, முக்கியக் கோடும் கிட்டத்தட்ட ஒன்று: கால்சைட்டுக்கு 1086, அரகோனைட்டுக்கு 1085. அந்தக் கோட்டை மட்டும் பார்த்துப் பெயர் வைப்பவருக்கு மாற்றம் தெரியவே தெரியாது. கீழே 282-ம் 712-ம் இருந்தால் கால்சைட், 206-ம் 701-ஐ ஒட்டிய இரட்டைக் கோடும் இருந்தால் அரகோனைட். சிப்பி, பவளம் ஆய்வு செய்பவர்களுக்கு இந்த வேறுபாடுதான் முழு ஆய்வுமே. ஜிப்சம் இன்னும் மென்மையானது. உலர்வாக அழுத்தி அரைத்தால் உராய்வுச் சூட்டிலேயே நீரை இழந்து பாசனைட் என்ற வேறு கனிமமாகத் தொடங்கும், 1008 கோடு 1015-க்குத் தாவும். எத்தனாலில் நனைத்து, சிறிது நேரம் மட்டும், இடைவெளி விட்டு அரைத்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். எத்தனால் முழுக்க உலர்ந்த பிறகே அளக்க வேண்டும், அதற்கும் 880 அருகே சொந்தக் கோடு உண்டு.

நனைத்து அரைப்பதில் இன்னொரு லாபம் நுரையீரலுக்கு. குவார்ட்ஸ் தூசி சிலிகோசிஸ் நோயைத் தரும், மோனசைட்டில் தோரியம் இருக்கிறது, மனோசிலை ஆர்செனிக் கனிமம். முகக்கவசம், கையுறை, புகைக்கூண்டு இல்லாமல் இவற்றைப் பொடிக்கக் கூடாது. கல்நார் சந்தேகம் உள்ள எதையும் திறந்த இடத்தில் அரைக்கவே கூடாது.

சரி, பொடி கையில் இருக்கிறது. எதன் மேல் வைப்பது?

கையெட்டும் தூரத்தில் இருப்பது கண்ணாடி ஸ்லைடு. அதுதான் பெரும்பாலும் தவறான தேர்வு. சாதாரணக் கண்ணாடி 532 லேசரில் 550, 1100 அருகே அகலமான மேடுகளைத் தரும். 785 லேசரில் 1400-ஐச் சுற்றி ஒரு பெரிய மேடு எழும்பி, பலவீனமான கோடுகளை எல்லாம் விழுங்கிவிடும். சிலிக்கேட் கனிமங்கள் பேசுவதும் ஏறத்தாழ அதே பகுதியில் என்பதால், அந்த மேட்டைப் பார்த்து மாதிரியில் கண்ணாடித்தன்மை உள்ள பகுதி இருப்பதாக எழுதுகிற ஆபத்தும் உண்டு. கால்சியம் ஃப்ளூரைடு தட்டு நல்லது, 322-இல் ஒரே கோடுதான். விலை அதிகம், சுலபமாக உடையும். சிலிக்கன் தகடு மலிவு, அதன் 520.5 கோட்டை வைத்துக் கருவியையும் சரிபார்த்துக்கொள்ளலாம். ஆனால் அனடேஸின் 515 அதில் மறைந்துவிடும். சிலிக்கனுக்கு 940 முதல் 980 வரை ஒரு இரண்டாம் நிலை மேடும் உண்டு. மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட்டின் 970-ம் சிர்க்கானின் 974-ம் அதன் மேலேயே போய் விழும்.

உலோகம்தான் எளிய விடை. அலுமினியம், தங்கம் போன்றவற்றின் அணு அடுக்கில் அடிப்படை அலகுக்கு ஓர் அணு மட்டுமே இருப்பதால் முதல்நிலை ராமன் கோடு அவற்றுக்குக் கிடையாது. தங்கம் பூசிய கண்ணாடி வாங்க வசதி இல்லாவிட்டால், சமையலறை அலுமினியம் ஃபாயிலைக் கண்ணாடி ஸ்லைடில் சுற்றி, தகடு உருட்டும்போது ஒட்டிய எண்ணெய் போக எத்தனாலால் துடைத்தாலே போதும். தினசரி வேலைக்கு இதைவிடச் சிறந்தது இல்லை என்றுகூடச் சொல்வேன். நிறைய பொடி இருந்தால், துருப்பிடிக்காத எஃகுத் தட்டில் 1 அல்லது 2 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் குழி போட்டு வைத்துக்கொள்ளலாம்.

ஒட்டுவதற்கு டேப் போடும் பழக்கம் எலக்ட்ரான் நுண்ணோக்கி அறையிலிருந்து வந்தது. கார்பன் டேப் 1350-இலும் 1580-இலும் கார்பனின் இரண்டு கோடுகளைத் தந்து, பாறையில் கிராஃபைட் இருப்பதாக நம்ப வைக்கும். இரட்டைப் பக்க டேப், எப்பாக்ஸி, நகப்பூச்சு எல்லாம் கரிமப் பொருள்கள், 1600-ஐ ஒட்டியோ 2900-ஐ ஒட்டியோ தலைகாட்டும், போதாததற்கு லேசர் பட்டதும் தாமாகவே ஒளிரவும் செய்யும். பொடியின் மேல் ஒரு சொட்டு எத்தனால் விட்டு உலரவிட்டால் துகள்கள் உலோகத்தில் தாமாகவே ஒட்டிக்கொள்ளும், பசை தேவையில்லை. காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கிற உப்புகளையும் நச்சுப் பொருள்களையும் மூடிய கண்ணாடி நுண்குழாயில் அடைத்து அளப்பது வேறு வகை. அங்கே கண்ணாடியின் மேட்டைச் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும். காலிக் குழாயைத் தனியாக அளந்து வைத்துக் கழிக்கலாம்.

பொடியின் மேற்பரப்பு சமமாக இருப்பது அழகுக்காக அல்ல. 100 மடங்கு லென்ஸ் பலவற்றில் லென்ஸ் முனைக்கும் மாதிரிக்கும் இடைவெளி 0.2, 0.3 மில்லிமீட்டர்தான். குவியலாகக் கிடக்கும் பொடியில் லென்ஸே போய்ப் புதையும். சுத்தமான இன்னொரு ஸ்லைடால் லேசாக அழுத்திச் சமப்படுத்தி, நீண்ட இடைவெளி கொண்ட 50 மடங்கு லென்ஸில் தொடங்குவது நல்லது. அழுத்தியில் வைத்து வில்லையாக்கினால் மேற்பரப்பு இன்னும் சீராகும், சமிக்ஞையும் கூடும். மைக்கா, களிமண் கனிமங்களுக்கு மட்டும் அது ஆகாது, தகடுகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துவிடும்.

இனி தலைப்பில் சொன்ன இரண்டு நிறங்கள். குவார்ட்ஸ், கால்சைட் மாதிரி வெள்ளைப் பொடியில் ஒளி உறிஞ்சப்படுவதில்லை. துகளுக்குத் துகள் மோதிச் சிதறி நூற்றுக்கணக்கான மைக்ரான் உள்ளே போய், அடித்தளத்தைத் தொட்டுத் திரும்பும். ஆகவே வெள்ளைப் பொடியைத் தடிமனாக, குறைந்தது 1 மில்லிமீட்டர் நிரப்ப வேண்டும். வேகும் என்ற கவலை அதற்குக் குறைவு. மேக்னடைட், இல்மனைட், மாங்கனீசு ஆக்சைடுகள் போன்ற கறுப்புப் பொடிக்கு இது தலைகீழ். ஒளி மேற்பரப்பிலேயே நின்றுவிடுவதால் அடியில் என்ன இருக்கிறது என்பது அவ்வளவாகத் தெரியாது. உறிஞ்சிய ஒளி முழுவதும் சூடாகி, அந்தச் சூடு போக வழியில்லாமல் துகளுக்குள்ளேயே தேங்கும். இங்கே பொடியை மெல்லிய ஒற்றை அடுக்காக உலோகத்தின் மேல் பரப்ப வேண்டும். உலோகம் அடித்தளம் மட்டுமல்ல, சூட்டை வாங்கிக்கொள்ளும் வடிகாலும்கூட. இரண்டு பொடிகளையும் ஒரே மாதிரி ஏற்றுவதுதான் நான் பார்க்கிற பெரும்பாலான குழப்பங்களுக்கு வேர்.

சூட்டின் அளவைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பார்க்கலாம். 1 மில்லிவாட் லேசரை 1 மைக்ரான் விட்டத்தில் குவித்தால், அந்த இடத்தில் ஒளியின் அடர்த்தி உச்சி வெயிலைப்போல் பத்து லட்சம் மடங்குக்கு மேல். கட்டியான படிகத்தில் அந்தச் சூடு எல்லாப் பக்கமும் பரவி ஓடிவிடும். பொடியில் ஒரு துகள் இன்னொன்றைத் தொடுவது ஒன்றிரண்டு முனைகளில் மட்டும்தான். மற்றதெல்லாம் காற்று, காற்றோ சூட்டை அதிகம் கடத்தாது. ஒரே கனிமம் கட்டியாக இருக்கும்போது தாங்குகிற லேசரைப் பொடியாக இருக்கும்போது தாங்காது.

மேக்னடைட்டின் அடையாளம் 668 அருகே உள்ள ஒற்றைக் கோடு. லேசர் கூடிப்போனால் அது காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து ஹெமடைட் என்ற சிவப்பு இரும்பு ஆக்சைடு ஆகும்: 225, 292, 411, அப்புறம் 1320 அருகே அகலமான ஒன்று. இன்னொரு இரும்புக் கனிமமான கோத்தைட்டும் நீரை இழந்து அதே ஹெமடைட்டில்தான் போய் முடியும். பானை ஓட்டின் சிவப்பு, குகை ஓவியத்தின் சிவப்பு, இரும்புத் துருவின் அடுக்குகள் என்று எதை ஆராய்ந்தாலும் 'ஹெமடைட் இருக்கிறது' என்பது மிகச் சுலபமாகக் கிடைத்துவிடும் முடிவு. அதில் எத்தனை ஹெமடைட் ஆய்வகத்திலேயே சுட்டெடுத்தது என்று கேட்பது நியாயமான கேள்விதான். மனோசிலைக்குச் சூடுகூட வேண்டாம், பச்சை ஒளியே அதைப் பாராரியல்கர் என்ற வேறு கனிமமாக மாற்றத் தொடங்கும். அதை அளக்க 785 நானோமீட்டர் லேசர்தான் பொருத்தம்.

சோதனை எளிது, ஆனாலும் பலர் செய்வதில்லை. முதலில் மிகக் குறைந்த திறனில், 0.1 மில்லிவாட் சுற்றி, பொறுமையாக நீண்ட நேரம் அளக்க வேண்டும். பிறகு திறனைக் கூட்டி அளக்க வேண்டும். மறுபடி பழைய குறைந்த திறனுக்கு வந்து அதே புள்ளியை அளக்க வேண்டும். முதலாவதும் மூன்றாவதும் ஒத்துப்போனால் சேதம் இல்லை. ஒத்துப்போகாவிட்டால் முதலாவதை மட்டும் நம்பலாம். லேசர் திறனைத் தாளில் குறிக்கும்போது லேசர் பெட்டியிலிருந்து வெளிவருவதை எழுதிப் பயனில்லை, மாதிரியின் மேல் விழுவதைத் திறன்மானியால் அளந்து எழுத வேண்டும். குறைந்த திறனில் சமிக்ஞை போதாவிட்டால் ஒளிப்புள்ளியைப் பெரிதாக்கலாம், மாதிரியைச் சுழல விடலாம், பொட்டாசியம் புரோமைடோடு கலந்து வில்லையாக்கலாம். புரோமைடு சூட்டைப் பகிர்ந்துகொள்ளும். சாப்பாட்டு உப்பைப்போன்ற அணு அமைப்பு என்பதால் முதல்நிலை ராமன் கோடு அதற்கு இல்லை. அதே காரணத்தால், மாதிரியில் சாப்பாட்டு உப்பு இருந்தாலும் ராமன் அதைக் காட்டிக்கொடுக்காது என்பதையும் நினைவில் வைக்கலாம்.

ஒளிர்வு பற்றிச் சுருக்கமாக. விரல் எண்ணெய், மண்ணின் கரிமம், களிமண் இவை பின்னணியை மலைபோல் ஏற்றும். லேசரைச் சில நிமிடம் அதே இடத்தில் விட்டு வைத்தால் கரிம ஒளிர்வு ஓரளவு அடங்கும் (கறுப்புப் பொடிக்கு இதைச் செய்யாதீர்கள்). மோனசைட்டின் அருமண் தனிமங்கள் தரும் ஒளிர்வு வேறு ரகம். கூர்மையான கோடுகளாக, ராமன் கோடுகளாகவே வேஷம் போடும். லேசரின் நிறத்தை மாற்றிப் பார்த்தால் வேஷம் கலையும். ராமன் கோடு அதே அலைஎண்ணில் நிற்கும், ஒளிர்வுக் கோடு இடம் பெயரும்.

இத்தனையையும் மனிதக் கை இல்லாமல் செய்ய வேண்டிய கட்டாயம் ஐரோப்பிய விண்வெளி முகமையின் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் ஊர்திக்கு இருக்கிறது. ரஷ்யாவோடு இருந்த கூட்டு 2022-இல் முறிந்ததால் தள்ளிப்போய், இப்போது 2028-இல் ஏவத் திட்டமிட்டிருக்கிறார்கள். செவ்வாயில் 2 மீட்டர் ஆழம் வரை துளைத்து எடுக்கும் பாறைத் துண்டை அது உள்ளேயே நொறுக்கும், பொடியை ஒரு சிறிய தட்டில் கொட்டும், தகடு ஒன்றால் வழித்துச் சமப்படுத்தும். அப்புறம் ஸ்பெயின் தலைமையில் உருவான ராமன் கருவி 532 நானோமீட்டர் லேசரால் அதைப் பார்க்கும். அங்கே காற்று மிக மெல்லியது, பொடியின் சூடு வெளியேறுவது இன்னும் கடினம். ஒளிப்புள்ளி 1 மைக்ரானாக இல்லாமல் சுமார் 50 மைக்ரானாக இருப்பது அங்கே பெரிய உதவி. அதே திறன் 2500 மடங்கு பரப்பில் பரவுகிறது, ஒரு புள்ளியிலேயே பல நுண்துகள்களின் சராசரியும் கிடைத்துவிடுகிறது. நல்ல துகளைக் கண்ணால் தேர்ந்தெடுக்க அங்கே ஆள் இல்லை. அதனால் ஊர்தி ஒரு கோட்டில் நகர்த்தி நகர்த்தி, தானே ஃபோகஸ் செய்துகொண்டு, ஒவ்வொரு மாதிரியிலும் குறைந்தது 20 புள்ளிகளை அளக்கும்.